மூன்று மணி நேரம் தாங்க வேண்டும்

ஜூன் 9, ஞாயிறு

லேப்டாப் வந்துவிட்டது. பழையதைச் சரிசெய்து விற்பார்களே, அந்த வகை. கடையில் 'ரீஃபர்பிஷ்டு' என்று சொல்கிறார்கள். மூடியின் வலது மூலையில் ஒரு சிராய்ப்பு. அதற்குப் பக்கத்தில் ஏதோ அலுவலகத்தின் ஸ்டிக்கரை உரித்த பசைத் தடம். விசைப்பலகையில் L பாதி தேய்ந்திருக்கிறது. மற்றபடி புதிது போலத்தான். மதியம் முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு, திறந்து திறந்து மூடினேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ரெஜினா அக்கா கடையில் அப்பா வாங்கித் தந்தார். அப்பாவுக்கு வெல்டிங் பட்டறை. ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளுக்கு இரும்புச் சட்டம் கட்டுவார். திருச்செங்கோட்டில் அந்த வேலைக்கு அவரைத் தேடித்தான் வருவார்கள். குடிக்கமாட்டார். தெருவில் நல்ல பெயர்.

போன வியாழக்கிழமை அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். காதுக்குப் பின்னால் நான்கு தையல். வெள்ளிக்கிழமை அப்பா பட்டறைக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ற சாமிக்கு என்ன வேணும், சொல்லு" என்றார். நான் முன்பே யோசித்து வைத்திருந்ததால் உடனே சொல்ல முடிந்தது.

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். கிரைண்டர், அம்மாவுக்கு முன்பல் விழுந்த வாரம். பீரோ, எனக்கு ஐந்து வயதில். அம்மா அப்போது பதினைந்து நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என் சைக்கிள், ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு தொடங்கிய வாரம். அது இடது கண். எதையும் தேதியோடு நினைவில் வைப்பது என் பழக்கம்.

ஜூன் 12, புதன்

நுழைவுச்சீட்டு மின்னஞ்சலில் வந்தது. சென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் உறைவிடப் பள்ளி. தேர்வானால் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டும் அங்கேயே. விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் இலவசம். நூலகத்தில் பதினான்காயிரம் புத்தகங்கள் இருப்பதாக அவர்கள் இணையதளத்தில் போட்டிருக்கிறது. தமிழ்நாடு முழுவதும் நாற்பது பேரைத்தான் எடுப்பார்கள். வகுப்பு ஆகஸ்டில் தொடங்குகிறது. அதுவரை இங்கே பள்ளியில் ப்ளஸ் ஒன் போய்க்கொண்டிருக்கிறேன்.

தேர்வு ஜூலை 13, சனிக்கிழமை, காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை. வீட்டிலிருந்தே எழுத வேண்டும். கேமராவும் மைக்கும் அணையக் கூடாது. மேற்பார்வையாளர் அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். இடத்தை விட்டு எழுந்தாலோ, வேறு ஆள் கேமராவில் தெரிந்தாலோ, தொடர்பு அறுந்தாலோ தேர்வு செல்லாது.

ஜூலை 13 இரண்டாம் சனிக்கிழமை. எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் நான்கு மணிக்குத்தான் வரும். இண்டர்நெட்டுக்கு அம்மாவின் போன் போதும். ஆனால் லேப்டாப் மூன்று மணி நேரம் பேட்டரியில் தாங்க வேண்டும்.

ஜூன் 18, செவ்வாய்

முழுதாக ஏற்றிய பேட்டரி பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. கடிகாரம் வைத்து மூன்று முறை பார்த்தேன். 11, 11, 9.

விரலால் தேய்க்கும் பலகை ஒரு பக்கம் மேலே எழும்பியிருக்கிறது. மூடி சரியாக மூடவில்லை. நான் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா அதன்மேல் துண்டை விரித்து அம்மிக் குழவியைத் தூக்கி வைத்திருக்கிறாள். "பொடச்சுக்கிட்டு நிக்குது சாமி. அமுத்தி வெச்சா படிஞ்சுரும்" என்றாள். பாதி நாள் அப்படியே இருந்திருக்கிறது. படியவில்லை.

ஜூன் 22, சனி

அம்மாவும் நானும் ரெஜினா அக்கா கடைக்குப் போனோம். குழவிக் கதையைக் கேட்டு அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளே இருக்கும் பேட்டரி வீங்கினால் அமுக்கவே கூடாதாம். கிழிந்தால் தீப்பிடிக்குமாம். "வீடு தப்புனது பெரிய விசயமுங்கக்கா" என்று அம்மாவிடம் சொன்னார்.

அடிப்பக்கத்தில் பத்துத் திருகுகள். பின்வரிசையில் இருக்கும் இரண்டு மட்டும் நீளம். அக்கா ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து, கழற்றிய திருகை அதே இடத்தில் ஒட்டிவைத்துக்கொண்டே போனார். பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. முதலில் அதன் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பழைய ஏடிஎம் கார்டை அடியில் விட்டு, பசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினார். எடுத்ததும் கடை வாசலில் இருந்த மணல் வாளியில் புதைத்தார்.

கேரண்டிச் சீட்டில் 'பேட்டரி, சார்ஜர் நீங்கலாக' என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. எதையும் கடைசி வரி வரை படிக்கும் நான் இதைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். புது பேட்டரியைச் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். அதுவரை வயரில் செருகினால்தான் லேப்டாப் ஓடும்.

கிளம்பும்போது அக்கா அம்மாவின் காதைப் பார்த்தார். "தையலுங்களா அது?" என்று கேட்டார். கதவு இடித்துவிட்டது என்றாள் அம்மா. வீட்டில் சொன்னது குளியலறை. அக்கா கடையின் கார்டை எடுத்துப் பின்புறம் ஓர் எண் எழுதி என்னிடம் தந்தார். முன்புறமும் எண் இருந்தது. இது வேறு.

ஜூன் 25, செவ்வாய்

அப்பாவிடம் பேட்டரி கேட்டேன். "வாங்கி மாசம் ஆகுல, அதுக்குள்ள என்ன? வயர்ல சொருகிப் படி" என்றார். இரண்டாம் சனிக்கிழமையைச் சொன்னேன். அதற்குள் அவர் டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

ஜூன் 30, ஞாயிறு

அப்பா இருபத்துநான்கு நாளாக நல்லபடியாக இருக்கிறார். இன்று அவரே கறி எடுத்துவந்து, வெங்காயம் உரித்துக் கொடுத்தார். அம்மா சிரித்தாள்.

இதற்கு அடுத்து ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

மாலை ஏழரை. அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அம்மா தோசையை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டாள். நான் எதிரே வேதியியல் புத்தகத்தோடு இருந்தேன். "பவானி மாமா இன்னைக்கு அம்மாகிட்ட ரொம்ப நேரம் போன்ல பேசுனாருங்கப்பா" என்றேன்.

மாமா பேசியது உண்மை. இரண்டு வருடம் முன்பு மாமா வந்து, தங்கையைக் கூட்டிப்போகிறேன் என்று வாசலில் நின்றதிலிருந்து அந்தப் பெயரே அப்பாவுக்கு ஆகாது. அதுவும் உண்மை. நான் பொய் சொல்லவில்லை.

அப்பா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். பிறகு தட்டு பறந்தது. அதன் விளிம்பு அம்மாவின் நெற்றியில் பட்டு, சட்னி சுவரில் வழிந்தது. அம்மா அடுப்படிப் பக்கம் ஓடினாள். அப்பா அவள் முடியைக் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு தலையை நிலைக்கதவில் மோதினார். நான் எண்ணினேன். நான்காவது முறைக்குப் பிறகு சத்தம் மாறியது. அதுவரை கட்டையில் கட்டை மோதுவது போல இருந்தது. பிறகு ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல. அம்மா சரிந்து வலது கையை ஊன்றினாள். அந்த மணிக்கட்டின் மேல் அப்பா குதிகாலை வைத்து நின்றார். அவர் எண்பத்தாறு கிலோ. அப்பளம் நொறுங்குகிற அளவுக்குத்தான் கேட்டது. அம்மா வாய்க்குள் சேலைத் தலைப்பைத் திணித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

எல்லாம் முடிய ஆறு நிமிடம். அப்பா கை கழுவிக்கொண்டு தண்ணீர் கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூலை 5, வெள்ளி

காலையில் அப்பா அம்மாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவந்தார். மாடிப்படியில் தவறி விழுந்ததாகச் சொன்னார்களாம். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது.

மதியம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேட்டார். சொன்னேன்.

பைக்கில் போனோம். ரெஜினா அக்கா பேட்டரியை ஏற்கெனவே வரவழைத்து வைத்திருந்தார். நாங்கள் முன்பணம் எதுவும் கொடுத்திருக்கவில்லை. அப்பா மேசையருகே நின்று போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். வேலை தெரிந்தவர் என்பதால் ஒவ்வொன்றையும் ஆர்வமாகக் கேட்டார். "நம்ம கை இதுக்குள்ள போகாதுங்க, தூணு மாதிரி இருக்குது" என்று சிரித்தார். அக்கா இணைப்பை விரல் நகத்தால் அழுத்திச் செருகினார். கிளிக் என்றது.

"அம்மா வரலீங்களா?" என்று அக்கா குனிந்தபடியே கேட்டார்.

"அவளுக்குக் கை சுளுக்கு" என்றார் அப்பா.

அக்காவின் திருப்புளி ஏழாவது திருகில் நின்றது. அப்புறம் சுற்றியது. என்னைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் அறிக்கையைத் திரையில் காட்டினார். பேட்டரியின் கொள்ளளவு நூற்றுக்கு நூறு. முதலில் முழுதாக ஏற்றி, முழுதாகத் தீர்த்து, மறுபடி ஏற்ற வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

ஜூலை 7, ஞாயிறு

நான்கு மணி பத்து நிமிடம் தாங்கியது.

மதியம் அப்பா பட்டறைக்கு ஆள் பார்க்கச் சங்ககிரி போயிருந்தார். அம்மா இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அம்மா சிந்தாமல் களையப் பழகிவிட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு, மாமா பேசியதை நான் ஏன் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். பேட்டரிக்காக என்று.

அம்மா களைவதை நிறுத்தவில்லை. "தெரியும். நீ என்ற மூஞ்சியப் பாத்துட்டுத்தான சொன்ன" என்றாள்.

நான் அழுதிருக்க வேண்டும். "அட, அழுகாத" என்றாள். பிறகு, ஏதோ கடைச் சாமான் பற்றிச் சொல்வது போல, "அந்த சைக்கிள் எப்படி வந்துச்சுன்னு நெனச்ச? நீ வெயில்ல நாலு மைலு நடந்து போயிட்டிருந்த. எனக்குப் பொறுக்குல. நாந்தான் வேணும்னே வாயக் குடுத்தேன்."

"கிரைண்டருமாம்மா?"

"கிரைண்டர் இல்ல. அது அவராத்தான்."

களைந்த தண்ணீரை வடித்துவிட்டு, "பரீச்சைய எழுதிட்டு நீ போயிரு. இங்க நடக்கறத நான் பாத்துக்குவேன்" என்றாள்.

ஜூலை 8, திங்கள்

பள்ளிக்கு நடந்து போனேன்.

ஜூலை 12, வெள்ளி

பேட்டரி நூறு. அம்மாவின் போன் நூறு. மேசை ஜன்னலுக்கு எதிரே போட்டாயிற்று. வெளிச்சம் முகத்தில் விழும். தண்ணீர், நுழைவுச்சீட்டு, வெள்ளைத்தாள் இரண்டு. எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன். விட்டுப்போனது எதுவும் இல்லை.

ஜூலை 13, சனி

மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஐந்தே முக்கால்.

ஒன்று விட்டுப்போயிருந்தது. மின்சாரம் இல்லாத நாளில் வெல்டிங் பட்டறை ஓடாது. அப்பா வீட்டில் இருப்பார். ஒவ்வொரு இரண்டாம் சனிக்கிழமையும் அவர் வீட்டில்தான் இருந்திருக்கிறார். பல்லும் கண்ணும் போன நாட்கள் என்ன கிழமை என்று நான் ஒரு முறையாவது பார்த்திருக்கலாம்.

ஒன்பதரைக்குத் தேர்வு தொடங்கியது. மேற்பார்வையாளர் ஓர் அம்மையார். திரையின் மூலையில் தபால்தலை அளவில் அவர் முகம் தெரிந்தது. கண்ணாடி போட்டிருந்தார். பத்தே முக்காலுக்கு நான் முப்பத்தோராவது கேள்வியில் இருந்தேன். அப்பா அடுப்படியில் காற்று வரவில்லை, காபி ஆறிவிட்டது என்று சத்தம் போட்டார். அம்மா தாழ்ந்த குரலில், "புள்ள பரீச்ச எழுதறா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். முதல் அறை கேட்டது. பிறகு பாத்திர அடுக்கு சரிந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. முப்பத்திரண்டாவது கேள்விக்கு விடை குறித்தேன். முப்பத்துமூன்றுக்கும் குறித்தேன். இரண்டும் சரியான விடைகள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் உருட்டுக்கட்டை எலும்பில் படும் சத்தம் ஐந்து முறை கேட்டுவிட்டது. அம்மா இந்த முறை வாயில் எதையும் திணித்துக்கொள்ளவில்லை. "அம்மா" என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். பாட்டி செத்துப் பதினோரு வருடம் ஆகிறது.

லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையாலும் தூக்கினேன். திரையில் சிவப்புக் கட்டம் வந்தது. "தாரணி, உங்க இடத்துல உக்காருங்க" என்றது அந்தக் குரல். கேமராவை முன்பக்கம் திருப்பிக்கொண்டு அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

அம்மா பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் சுருண்டிருந்தாள். கட்டுப் போட்ட கை அப்பாவின் இடது கைக்குள் முறுகியிருந்தது. கட்டு சிவந்திருந்தது. அவர் வலது கையில் உருட்டுக்கட்டை. அது மறுபடி இறங்கித் தோளில் பட்டது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் எலும்பு உள்ளே போனதை நான் பார்த்தேன். என் கையில் இருந்த பெட்டியும் பார்த்தது.

"சார், அவங்கள விடுங்க" என்றது லேப்டாப். "நான் பாத்துட்டு இருக்கேன். இது பதிவாகுது. விடுங்க சார்."

அப்பா திரும்பினார். எங்கள் வீட்டுக்குள் இன்னோர் ஆள் இருப்பதை அவர் முதல் முறையாகப் பார்த்தார். கையிலிருந்த கட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அலமாரியில் வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க மேடம். வீட்டு விசயம்" என்றார்.

கையை லுங்கியில் துடைத்துவிட்டு, என்னிடம் வந்து, மூடியை இரண்டு விரலால் மெதுவாக மூடினார். காசு கொடுத்து வாங்கிய பொருளை அவர் எப்போதும் பதமாகத்தான் கையாளுவார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கார்டின் பின்புற எண்ணுக்குப் போன் செய்தேன். ரெஜினா அக்கா எதுவும் விசாரிக்கவில்லை. "கதவத் தாழ்ப்பாப் போட்டுக்க. ஆட்டோ எடுத்துட்டு வாரேன்" என்றார்.

அம்மாவுக்குக் கழுத்தெலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிந்திருக்கின்றன. மணிக்கட்டு மறுபடி விலகியிருக்கிறது. வலிக்கு ஊசி போட்டுத் தூங்குகிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

மின்னஞ்சல் வந்தது. விதி ஏழின்படி என் தேர்வு செல்லாது. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே, காவல்துறை கேட்டால் பத்தே முக்கால் முதலான பதிவைத் தரத் தயாராக இருக்கிறோம் என்று மேற்பார்வையாளர் தன் பெயரோடு எழுதியிருந்தார். விதி ஏழு நியாயமானது. படித்தேன், புரிந்தது. பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பதினொரு மணிக்கு அப்பா வார்டுக்கு வந்தார். சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. புது லேப்டாப். பிரிக்காதது. அம்மாவின் கால்மாட்டில் வைத்து, "பழசுன்னாத்தான அந்தத் தொல்லையெல்லாம். இது புதுசு சாமி" என்றார். பெட்டியின் பக்கவாட்டில் பேட்டரி பன்னிரண்டு மணி நேரம் என்று அச்சடித்திருந்தது. படிக்கக் கூடாது என்று நினைத்தேன். படித்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் மருத்துவமனைக் காவல் மையத்திலிருந்து ஒரு பெண் போலீஸ் பதிவேட்டோடு வந்தார். அடிபட்ட எல்லாரிடமும் கேட்பார்களாம். அம்மாவிடம், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். குளியலறை, கதவு, மாடிப்படி. அம்மாவுக்கு நிறைய தெரியும். வாய் வீங்கியிருந்ததால் மெதுவாகத்தான் பேசினாள்.

"எம் புருசன் அடிச்சாருங்க. பேரு தனபாலன். அந்தா நிக்கறாரு பாருங்க, வெள்ளச் சட்ட."

அப்பா சிரிக்கப் பார்த்தார். போலீஸ் அக்கா அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் கதவருகே நிறுத்தினார்.

அம்மா பழையதும் சொன்னாள். பல், கண், காது. நாட்கள் அவளுக்கு நினைவில்லை. நான் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தேதி, மாதம், என்ன பொருள் வந்தது என்று வரிசையாகச் சொன்னேன். போலீஸ் அக்கா எழுதிக்கொண்டே வந்தார். ஜூலை நான்கு வந்ததும் நான் நிறுத்தினேன். அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பது போல. நான் சொன்னேன். பேட்டரி வேண்டும் என்பதையும், இருபத்தெட்டு நாள் பொறுத்துப் பார்த்ததையும், அப்பாவிடம் நான் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே சொன்னேன்.

போலீஸ் அக்கா தாளிலிருந்து பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அடிச்சது நீயா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"அப்ப இதுல எழுத எடமில்ல கண்ணு" என்றார். பக்கத்தைத் திருப்பினார்.

அதனால் இங்கே எழுதுகிறேன். ஜூலை 4 மாலை ஏழரை மணிக்கு, அப்பா அடிப்பார் என்று எனக்குத் தெரியும். அடித்தால் மறுநாள் கேட்டது கிடைக்கும் என்றும் தெரியும். அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.